பூட்டிய அலமாரியும் ஓடும் தர்மமும்

 



பம்மலில் ஒரு வெள்ளிக்கிழமை. ஜும்ஆ முடிந்து ஜமாஅத்தார் கலைந்துகொண்டிருந்தனர். ஐம்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒரு பெரியவர் எம் அருகே வந்து அமர்ந்தார். ஸலாம் சொன்னார். முகத்தில் ஏதோ ஒரு பாரம் தெரிந்தது.

"ஹஜ்ரத், அத்தா மவுத்தாகி வர்ற மாசத்தோட ஒரு வருஷம் ஆகுது. நாப்பது வருஷம் தோல் ஷெட்டுல உழைச்சு எங்களை ஆளாக்கினவங்க. அவங்க பேருல பள்ளிக்கு ரெண்டு ஃபேன் போடலாம்னு இருக்கேன். துஆ செய்யுங்க" என்றார்.

"மாஷா அல்லாஹ்! நல்ல நிய்யத்துதான் பாய். ஆனால் கொஞ்சம் மேலே பாருங்கள்" என்றோம்.

அவர் அண்ணாந்து பார்த்தார். வரிசை வரிசையாக மின்விசிறிகள். ஒவ்வொன்றின் இறக்கையிலும் 'மர்ஹூம்' என்று தொடங்கும் ஒரு பெயர். ஒரு ஸஃப்புக்கு ஆறு விசிறிகள். இன்னும் இரண்டு மாட்டுவதென்றால் ஒன்றின் இறக்கை மற்றொன்றில் இடிக்கும்!

அவர் சிரித்துவிட்டார். "அப்ப வேற என்னதான் ஹஜ்ரத் செய்யட்டும்?" என்றார்.

"உங்கள் பேத்தி எங்கே படிக்கிறாள்?" என்று கேட்டோம். அருகிலுள்ள உயர்நிலைப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பு என்றார். "அங்கே விஞ்ஞானக் கூடத்தில் பிள்ளைகள் தொட்டுப் பார்த்துப் படிக்க என்ன இருக்கிறது, என்ன இல்லை என்று அவளிடம் கேட்டீர்களா?" என்றோம். அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, அவருடைய நெஞ்சில் மட்டுமன்றி நம்மில் பலருடைய நெஞ்சிலும் இருக்கும் அந்தக் கேள்வியைக் கேட்டார்:

"பள்ளிக்கூடத்துக்குக் கொடுத்தா அது துனியா படிப்பாச்சே ஹஜ்ரத்! அத்தாவோட கபுருக்கு அது போய்ச் சேருமா?"

இந்த ஒரு கேள்விக்கு விடை தேடுவதே இம்மாதச் சிந்தனை.

அடைபடாத மூன்று வாசல்கள்

மனிதன் மரணித்துவிட்டால் அவனுடைய அமல்கள் அனைத்தும் நின்றுவிடுகின்றன. மூன்று மட்டும் நிற்பதில்லை. நிலையாக ஓடிக்கொண்டிருக்கும் தர்மம், பிறர் பயன்பெறும் கல்வி, தனக்காக துஆ செய்யும் நல்ல பிள்ளை ஆகியவையே அவை என்ற கருத்தில் நாயகம் (ஸல்) அவர்கள் அருளியதை ஸஹீஹ் முஸ்லிமில் காண்கிறோம்.

இங்கே கல்வி என்று சொல்லும்போது முதல் இடம் மார்க்கக் கல்விக்கே. அதில் ஐயமில்லை. மதரஸாவை மறந்துவிட்டு வேறொன்றைக் கட்டுங்கள் என்று நாம் சொல்ல வரவில்லை. ஆனால் அதே ஹதீஸில் முதலாவதாகச் சொல்லப்பட்ட 'ஸதகத்துல் ஜாரியா'வை எண்ணிப் பாருங்கள். கிணறு வெட்டுவது அதில் சேரும். மரம் நடுவது சேரும். வழிப்போக்கர் தங்க விடுதி கட்டுவது சேரும். இவையெல்லாம் தொழுகையோ நோன்போ அல்லவே! படைப்பினங்கள் பயன்பெறுகின்றன, கொடுத்தவர் போன பின்னும் பயன் ஓடிக்கொண்டிருக்கிறது, அதனால் அவை ஓடும் தர்மமாயின.

"கிணறும் நிலமும் அசையாப் பொருள்கள். கருவிகளை அப்படி அர்ப்பணிக்க முடியுமா?" என்று ஒருவர் கேட்கலாம். ஹழ்ரத் காலித் பின் வலீத் (ரலி) அவர்களின் வரலாற்றைப் பாருங்கள். அவர் ஜகாத் தர மறுக்கிறார் என்று ஒரு முறையீடு வந்தது. நாயகம் (ஸல்) அவர்கள் அதை ஏற்கவில்லை. காலித் தம் கவசங்களையும் சாதனங்களையும் அல்லாஹ்வின் பாதையில் அர்ப்பணித்துவிட்டார்; நீங்கள்தாம் அவருக்கு அநீதி செய்கிறீர்கள் என்ற கருத்தில் எடுத்துரைத்தார்கள். புகாரி, முஸ்லிம் இரண்டிலும் பதிவான செய்தி இது. அசையும் பொருளை, அதுவும் கையால் எடுத்துப் பயன்படுத்தும் சாதனத்தை, பொதுநலனுக்கென அர்ப்பணிக்கலாம் என்பதற்கு மார்க்க அறிஞர்கள் இதை ஆதாரமாகக் காட்டுவார்கள்.

இன்னொரு செய்தி. சிறந்த அமல் எதுவென்று ஹழ்ரத் அபூதர் (ரலி) அவர்கள் நாயகத்திடம் கேட்கிறார்கள். பெரிய அமல்கள் சிலவற்றைச் சொல்லிய பின், அவற்றுக்கு இயலாவிட்டால் என்ன செய்வது என்ற கேள்விக்கு விடையாக, தொழில் செய்பவனுக்கு உதவு. அல்லது கைத்திறன் அற்றவனுக்கு நீயே செய்து கொடு என்ற பொருள்பட அருளினார்கள். என்னே விசாலமான மார்க்கம்! கைத்தொழில் கற்பவனுக்கு ஒரு சுத்தியலை எடுத்துக் கொடுப்பதும் நன்மையின் பட்டியலில் ஏறிவிடுகிறது.

இரும்பை இளக்கிய நபி

திருமறையில் ஸபா அத்தியாயத்தில் நபி தாவூத் (அலை) அவர்களுக்கு அல்லாஹ் தஆலா இரும்பை மென்மையாக்கிக் கொடுத்ததைக் கூறுகிறான். அத்தோடு நிறுத்திவிடவில்லை. கவசம் செய்யும்போது அதன் கண்ணிகளைச் சரியான அளவில் அமைக்குமாறும் கட்டளையிடுகிறான். முஃஜிஸாவாக இரும்பு இளகியது. ஆனால் அளவெடுக்கும் பொறுப்பு மனிதக் கையிடமே விடப்பட்டது! கம்பியும் கண்ணியும் அளவும், ஒரு நபியின் கையில் இபாதத்தாக இருந்தன.

இன்று பிள்ளைகள் 'ரோபாட்டிக்ஸ்' என்று பேசும்போது நம் வீட்டுப் பெரியவர்கள் சிலர் மிரள்கிறார்கள். மனிதனைப் போல ஒரு பொம்மையைச் செய்து உயிர் கொடுக்கப் பார்க்கிறார்களோ என்று அஞ்சுகிறார்கள். அப்படியொன்றுமில்லை. உயர்நிலைப் பள்ளிப் பிள்ளை முதலில் செய்வது உள்ளங்கையளவு வண்டி ஒன்றை. இரண்டு சிறிய மோட்டார், ஒரு பேட்டரி, கட்டளையை நினைவில் வைத்துக்கொள்ளும் ஒரு சின்ன மின்பலகை, தரையைப் பார்க்க இரண்டு கண்கள். அந்தக் கண் கீழே அகச்சிவப்பு ஒளியை வீசும். வெள்ளைத் தரை ஒளியைத் திருப்பி அனுப்பும். கறுப்புக் கோடு விழுங்கிவிடும். ஒளி திரும்பி வராத பக்கம் கோடு இருக்கிறது என்று அறிந்து வண்டி அந்தப் பக்கம் திரும்பும். இவ்வளவுதான் அதன் இரகசியம்.

இன்னொரு கண் சத்தத்தால் பார்ப்பது. நம் காது வினாடிக்குச் சுமார் 20,000 அதிர்வு வரைதான் கேட்கும். அது எழுப்புவதோ 40,000 அதிர்வு. அந்தச் சத்தம் சுவரில் பட்டுத் திரும்பும் நேரத்தை அளந்து, காற்றில் ஒலி வினாடிக்குச் சுமார் 340 மீட்டர் செல்லும் கணக்கைக் கொண்டு, சுவர் எத்தனை தூரம் என்று சொல்லிவிடும். இந்த வித்தையை மனிதன் கண்டுபிடிப்பதற்கு எத்தனையோ காலம் முன்பே வவ்வாலுக்குக் கற்றுக்கொடுத்தவன் யார்? வானங்கள், பூமியின் படைப்பைச் சிந்தித்து, இவற்றை வீணாகப் படைக்கவில்லை என்று உருகும் அறிவுடையோரைப் பற்றி ஆல இம்ரான் அத்தியாயம் பேசுகிறதே, அந்தச் சிந்தனைக்கு ஒரு பிள்ளையை இட்டுச் செல்லும் கருவி தீய கருவியாகுமா?

இது நமக்கு அந்நியமான கலையும் அன்று. 1206ஆம் ஆண்டில், இன்று துருக்கியிலுள்ள தியார்பக்கிர் நகரின் அரசவையில் பணியாற்றிய அல்ஜஸரீ என்னும் முஸ்லிம் பொறியாளர் தாம் செய்த இயந்திரங்களைப் படங்களோடு விளக்கி ஒரு நூல் எழுதி முடித்தார். அவற்றுள் ஒன்று கை கழுவும் சாதனம். மயிலின் வாயிலிருந்து தண்ணீர் வரும். கழுவிய நீர் கீழே தொட்டியில் நிரம்பும். நிரம்பும் நீரில் மிதவை மேலேற, கதவு திறந்து ஓர் உருவம் தூய்மை செய்யும் பொடியை நீட்டும். நீர் இன்னும் உயர, மற்றோர் உருவம் துவாலையோடு வரும். எண்ணூறு ஆண்டுகளுக்கு முன் நம் முன்னோர் செய்த வேலை இது! பாட்டனின் தொழிலைப் பேரன் கற்க விரும்பினால் நாம் ஏன் முகம் சுளிக்க வேண்டும்?

குரோம்பேட்டை தரும் பாடம்

நெடுந்தூரம் போக வேண்டாம். பம்மலுக்குப் பக்கத்தில் குரோம்பேட்டை. குரோம் தோல் தொழிற்சாலையால் பெயர் பெற்ற ஊர். அங்கே எம்.ஐ.டி. என்று நாம் சொல்லும் கல்லூரி இருக்கிறது. 1949ஆம் ஆண்டில் அதை நிறுவியவர் சி. ராஜம் என்ற தொழிலதிபர். தாம் வாழ்ந்த வீட்டையே விற்று, அந்தப் பணத்தைக் கொண்டு அக்கல்லூரியைத் தொடங்கினார். நாடு அப்போதுதான் விடுதலை பெற்றிருந்தது. பொறியாளர்கள் வேண்டும் என்று அவர் உணர்ந்தார்.

அந்தக் கல்லூரிக்கு ராமேஸ்வரத்திலிருந்து ஒரு முஸ்லிம் இளைஞர் இடம் பெற்று வந்தார். சேர்வதற்கு ஏறத்தாழ ஆயிரம் ரூபாய் தேவை. படகோட்டிக் குடும்பத்தில் அவ்வளவு பணத்துக்கு எங்கே போவது? அவருடைய சகோதரி ஜொஹரா தம் தங்க வளையல்களையும் சங்கிலியையும் அடகு வைத்துப் பணம் திரட்டித் தந்தார். என் சொந்த உழைப்பில் அவற்றை மீட்பேன் என்று அந்தத் தம்பி உறுதி பூண்டார். அவர்தான் 2002 முதல் 2007 வரை நம் நாட்டின் குடியரசுத் தலைவராக இருந்த டாக்டர் ஆ.ப.ஜெ. அப்துல் கலாம் அவர்கள்.

கல்லூரியில் அவர் நெஞ்சைக் கவர்ந்தது எது தெரியுமா? பறக்கும் பணி முடிந்த இரண்டு பழைய விமானங்கள். விமானத்தின் உறுப்புகளை மாணவர்களுக்குக் காட்டி விளக்குவதற்காக அவற்றை வளாகத்தில் நிறுத்தி வைத்திருந்தார்கள். மற்ற மாணவர்கள் விடுதிக்குச் சென்ற பின்னும் அவற்றின் அருகே நெடுநேரம் அமர்ந்திருப்பதுண்டு என்று 'அக்னிச் சிறகுகள்' என்ற தம் வரலாற்றில் அவரே கூறியிருக்கிறார். முதலாண்டு முடிந்து சிறப்புப் பாடம் தேர்ந்தெடுக்கும் வேளையில் விமானப் பொறியியலையே தேர்ந்தார்.

சகோதரர்களே! இதைச் சற்றே சிந்தியுங்கள். விமானத்தைப் பற்றிய பாடம் எல்லாக் கல்லூரியிலும் புத்தகத்தில் இருந்திருக்கும். தொட்டுப் பார்க்கும் தூரத்தில் விமானம் நின்றது அங்கே. பறக்கும் பணி முடிந்த பொருள், ஒரு பிள்ளையைப் பறக்க வைத்தது!

இன்னொன்றையும் எண்ணிப் பாருங்கள். வீட்டை விற்ற ராஜம் முஸ்லிம் அல்லர். தம் கொடையால் பயன்பெறப் போகும் பிள்ளை எந்த மதம் என்று அவர் கேட்டுக்கொண்டிருந்தால் நமக்கு ஒரு கலாம் கிடைத்திருப்பாரா? "அந்தப் பள்ளிக்கூடத்தில் நம் பிள்ளைகள் கொஞ்சம்தானே, மற்றவர்கள்தானே அதிகம்" என்று நம்மில் சிலர் சொல்வதைக் கேட்கிறோம். ஏழை, அநாதை, சிறைப்பட்டோர் ஆகியோருக்கு அல்லாஹ்வின் மீதுள்ள அன்பால் உணவளிப்போரைத் திருமறை புகழ்கிறது. அந்நாளில் மதீனாவில் சிறைப்பட்டிருந்தவர்கள் பெரும்பாலும் யார்? முஸ்லிம்களை எதிர்த்துப் போரிட வந்தவர்கள்! பத்ருக் கைதிகளில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்களைப் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுக்கச் செய்து, அதையே அவர்களின் விடுதலைக்கு ஈடாக ஏற்றார்கள் நம் நாயகம் (ஸல்) அவர்கள். கல்வியின் வாசலில் ஆள் பார்த்து அனுமதிக்கும் பழக்கம் நமக்குச் சொல்லித்தரப்படவில்லை.

கண்ணை மூடிக்கொண்டு வாங்கும் பொருள்

கொடுப்பது என்று முடிவு செய்துவிட்டோம். எதைக் கொடுப்பது?

மதீனாவில் பேரீச்சை அறுவடைக் காலத்தில் அன்சாரிகள் பழக்குலைகளைக் கொண்டுவந்து மஸ்ஜிதுந் நபவியில் தூண்களுக்கிடையே கட்டிய கயிற்றில் தொங்கவிடுவார்கள். ஏழை ஸஹாபிகள் பசித்தபோது உண்பார்கள். சிலர் கெட்டுப்போன குலையையும் அதில் கலந்து தொங்கவிட்டார்கள். அப்போது அல்பகரா அத்தியாயத்தின் 267ஆம் வசனம் இறங்கியதாக விரிவுரைகள் கூறுகின்றன. சம்பாதித்ததில் நல்லதைச் செலவிடுங்கள்; உங்களிடம் தந்தால் கண்ணை மூடிக்கொண்டல்லாமல் வாங்க மாட்டீர்களே, அப்படிப்பட்ட மட்டமானதைத் தேடிப் பிடித்துத் தராதீர்கள் என்பது அதன் கருத்து.

அலுவலகத்தில் பத்தாண்டு ஓடி, இயங்க மறுக்கும் கம்ப்யூட்டர்களைப் பள்ளிக்கூடத்துக்கு 'அன்பளிப்பாக' அனுப்புகிறார்களே, அவர்கள் இந்த வசனத்தைப் படிக்க வேண்டாமா? லென்ஸில் பூசணம் பிடித்த மைக்ராஸ்கோப், சாவி தொலைந்த இயந்திரம், வயர் அறுந்த மோட்டார்! தூக்கிப் போட இடமில்லாத குப்பையை ஏழைப் பிள்ளையின் வகுப்பறையில் இறக்கிவிட்டு, தர்மக் கணக்கில் எழுதிக்கொள்ளலாமா? 'பழையது' வேறு, 'பழுதானது' வேறு. குரோம்பேட்டை விமானங்களும் பழையவைதாம். ஆனால் எதற்காக நிறுத்தப்பட்டனவோ அந்தக் காரியத்துக்குப் பயன்பட்டன. பழைய பொருளைக் கொடுப்பதானால் பழுது நீக்கி, துடைத்து, ஓட்டிப் பார்த்து, உங்கள் சொந்தப் பிள்ளைக்குத் தருவதுபோல் தாருங்கள். விரும்புவதிலிருந்து செலவிடாதவரை நன்மையை எய்தமாட்டீர்கள் என்று இறைவன் அறிவுறுத்தியபோது, ஹழ்ரத் அபூதல்ஹா (ரலி) தமக்கு மிகப் பிரியமான பைருஹா தோட்டத்தையே கொண்டுவந்து வைத்தார்களே!

'மாஊனை'த் தடுப்பவர்கள்

கொடுப்பவருக்கு மட்டுமல்ல, வாங்கி வைத்திருப்பவருக்கும் மார்க்கம் ஒரு பாடம் வைத்திருக்கிறது.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பள்ளிக்கூடத்துக்குப் போயிருந்தோம். ஊர், பெயர் வேண்டாம். விஞ்ஞானக் கூடத்தில் கண்ணாடி அலமாரி. உள்ளே யாரோ ஒரு புண்ணியவான் கொடுத்த ரோபாட்டிக்ஸ் பெட்டிகள், மேலே சுற்றிய பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கப்படாமல்! அலமாரியில் பூட்டு. "பிள்ளைகள் கெடுத்துவிடுவார்கள், ஆய்வுக்கு வருகிறவர்களிடம் கணக்குக் காட்ட வேண்டும்" என்றார் பொறுப்பாளர். அவரைக் குறை சொல்லவும் மனம் வரவில்லை. ஒன்று உடைந்தால் அவர்தானே பதில் சொல்ல வேண்டும்! ஆனால் அலமாரிக்கு வெளியே ஒரு சிறுவன் கண்ணாடியில் மூக்கை வைத்து அழுத்திக்கொண்டு உள்ளே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் மூச்சுக்காற்று கண்ணாடியில் பனியாகப் படிந்தது. அந்தக் காட்சி இன்னும் எம் கண்ணை விட்டு அகலவில்லை.

நாம் அன்றாடம் தொழுகையில் ஓதும் சின்னஞ்சிறு சூரா ஒன்று 'அல்மாஊன்'. தொழுகையில் அலட்சியமாக இருப்போரையும் பிறருக்குக் காட்டுவதற்காகச் செய்வோரையும் கண்டித்துவிட்டு, 'மாஊனை'த் தடுப்பவர்கள் என்று முடிகிறது. மாஊன் என்றால் என்ன? ஹழ்ரத் இப்னு மஸ்ஊத் (ரலி) போன்றோர் தந்த விளக்கம்: மக்கள் ஒருவருக்கொருவர் இரவல் கொடுத்துக்கொள்ளும் சட்டி, வாளி, கோடரி போன்ற சாமான்கள். சுப்ஹானல்லாஹ்! ஒரு கோடரியை அண்டை வீட்டாருக்கு இரவல் தர மறுப்பது, தொழுகையை அலட்சியம் செய்வதோடு சேர்த்துச் சொல்லப்பட்டிருக்கிறது. இன்றைய பிள்ளைக்குச் சால்டரிங் அயர்னும் மல்டிமீட்டரும் ஸ்க்ரூ டிரைவரும் அந்தக் கோடரியும் வாளியும் அல்லவா?

உடையட்டும்! உடைந்த மோட்டாரும் ஒரு பாடம் சொல்லித்தரும். பூட்டிய மோட்டார் எதையும் சொல்லித்தராது.

உடைந்ததைச் சரிசெய்ய வழி வேண்டும் என்பது உண்மை. அதையும் கொடுப்பவரே எண்ணிப் பார்க்க வேண்டும். மத்திய அரசு 2016இல் தொடங்கிய அடல் ஆய்வுக்கூடத் திட்டத்தில் தேர்ந்தெடுத்த ஒரு பள்ளிக்கு மொத்தம் 20 லட்சம் ரூபாய் என்று வகுத்தபோது, கூடம் அமைக்க 10 லட்சம், ஐந்தாண்டுகள் நடத்திச் செல்ல 10 லட்சம் என்று பிரித்தார்கள். சரிபாதி, நடத்துவதற்கு! நாமோ பொருளை இறக்கிவிட்டுப் புகைப்படம் எடுத்துக்கொண்டு போய்விடுகிறோம். பேட்டரி தீரும், வயர் அறும், சின்ன விளக்குகள் எரிந்துபோகும். கிணறு வெட்டியவர் வாளியும் கயிறும் வைக்காமல் போனால் தாகித்தவர் எட்டிப் பார்த்துவிட்டுத்தான் போக வேண்டும். ஓடும் தர்மம் ஓடுவதற்கு ஆண்டுதோறும் ஒரு சிறு தொகை ஒதுக்குங்கள். பழுது பார்க்கத் தெரிந்த ஒரு வாலிபரை மாதம் ஒருநாள் அனுப்புங்கள். தொழில்நுட்பம் படித்த இளைஞர்கள் நம் ஜமாஅத்துகளில் இல்லையா என்ன!

முறையோடு கொடுப்போம்

சில ஒழுங்குகளை நினைவூட்டுகிறோம்.

முதலாவது, ஜகாத்தை இதில் கலந்துவிடாதீர்கள். ஜகாத் பெறத் தகுதியான எட்டு வகையினரை அத்தவ்பா அத்தியாயத்தின் 60ஆம் வசனம் வரையறுத்துவிட்டது. பள்ளிக்கூடத்துப் பொதுச் சாமானுக்கு ஸதகாவும் அன்பளிப்புமே வழி. ஏழை மாணவன் ஒருவனுக்கு நேரடியாக உதவுவது வேறு விஷயம். அதை உங்கள் மத்ஹபு ஆலிம்களிடம் கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள்.

இரண்டாவது, கேட்டுக் கொடுங்கள். தலைமையாசிரியரையும் பள்ளி மேலாண்மைக் குழுவையும் சந்தித்து என்ன தேவை என்று கேளுங்கள். தண்ணீர்க் குழாய் இல்லாத விஞ்ஞானக் கூடத்துக்கு விலையுயர்ந்த இயந்திரம் எதற்கு? தமிழக அரசு 2022 டிசம்பரில் தொடங்கிய 'நம்ம ஸ்கூல் நம்ம ஊருப் பள்ளி' திட்டம், அரசுப் பள்ளிகளுக்கு ஊராரும் முன்னாள் மாணவர்களும் நிறுவனங்களும் முறைப்படி உதவுவதற்கென்றே ஏற்பட்டது. அதே ஆண்டு நவம்பரில் தொடங்கப்பட்ட 'வானவில் மன்றம்' ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரையுள்ள அரசுப் பள்ளிப் பிள்ளைகளிடம் விஞ்ஞானச் சோதனைகளை எடுத்துச் செல்வது. எட்டாம் வகுப்பு வரை சோதனையில் ருசி கண்ட பிள்ளை ஒன்பதாம் வகுப்பில் வெறுங்கையோடு உட்காரலாமா? அந்த இடத்தை நாம் நிரப்பலாமே!

மூன்றாவது, சொல்லிக்காட்டாதீர்கள். சொல்லிக்காட்டியும் நோவினை செய்தும் தர்மங்களைப் பாழாக்கிவிடாதீர்கள் என்று எச்சரிக்கிறது திருமறை. அப்படிப்பட்ட தர்மத்தை, பாறைமேல் படிந்த மண்ணுக்கு ஒப்பிடுகிறது. ஒரு மழையில் கரைந்துபோகும்! மைக்ராஸ்கோப்பைவிடப் பெரிதாக நன்கொடையாளர் பெயர்ப் பலகை! வெயிலில் பிள்ளைகளை வரிசையில் நிறுத்திக் கைதட்டச் சொல்லும் விழா! அந்தப் பிள்ளையின் சுயமரியாதையை விலையாகப் பெற்றுக்கொண்டு கொடுத்தால், அதற்குப் பெயர் வியாபாரம்.

நான்காவது, பெண்பிள்ளைகளை ஒதுக்காதீர்கள். "கம்பியும் மோட்டாரும் பொண்ணுக்கு எதுக்கு?" என்று கேட்கும் வீடுகள் இன்னும் உண்டு. நாயகம் (ஸல்) அவர்கள் பேரீச்ச மரத்தண்டில் சாய்ந்து குத்பா ஓதிவந்த நாளில், தம்மிடம் தச்சு வேலை தெரிந்த பணியாளர் இருக்கிறார், தாங்கள் அமர ஒன்று செய்து தரட்டுமா என்று கேட்டு மிம்பர் செய்வித்தவர் ஓர் அன்சாரிப் பெண்மணி என்று புகாரியில் காண்கிறோம். உலக முஸ்லிம்கள் போற்றும் அந்த மிம்பர், ஒரு பெண் முன்வந்து அளித்த சாதனம்! கலாம் அவர்களைக் கரையேற்றியதும் ஒரு சகோதரியின் வளையல்தான். பெண் கொடுக்கும்போது வாங்கிக்கொள்ளும் நாம், அவள் கற்க வரும்போது மட்டும் கதவைச் சாத்தலாமா?

அத்தாவின் பெயரில்

மின்விசிறி போட வந்த அந்தப் பெரியவர் என்ன செய்தார் என்று கேட்பீர்கள்.

வீட்டுக்குப் போய்ப் பேத்தியிடம் கேட்டிருக்கிறார். அவள் ரோபோ வண்டி கேட்கவில்லை. "தாதா, எங்க டீச்சர் தண்ணியை அளந்து பார்க்கிற கருவி ஒண்ணு இருந்தா, நம்ம தெருக் கிணறு ஒவ்வொண்ணையும் அளந்து எழுதி வைக்கலாம்னாங்க" என்றாளாம்.

இதைச் சொல்லும்போது அவர் குரல் தழுதழுத்தது. பம்மல், நாகல்கேணி, பல்லாவரம் வட்டாரம் தோல் பதனிடும் தொழிலால் பிழைத்த வட்டாரம். எத்தனையோ குடும்பங்களுக்குச் சோறு போட்ட தொழில் அது. அதே தொழிலின் கழிவு பல காலம் நிலத்தடி நீரைக் கெடுத்ததும் ஊரறிந்த உண்மை. 1990களில் பொதுச் சுத்திகரிப்பு நிலையம் வந்த பின்னும் பழைய கறை மண்ணை விட்டு எளிதில் போய்விடவில்லை.

"ஹஜ்ரத், எங்க அத்தா சம்பாத்தியம் ஹலால்தான். ஆனா அந்தக் காலத்துல ஓடின தண்ணி... யார் வீட்டுக் கிணத்துக்குப் போச்சோ தெரியலையே!" என்றார். அந்த வெள்ளிக்கிழமை அவர் முகத்தில் நாம் கண்ட பாரம் எதுவென்று அப்போதுதான் விளங்கியது.

"பாய், உங்கள் அத்தா கூலிக்கு உழைத்தவர். அவர் உள்ளத்தை அல்லாஹ் அறிவான். நீங்கள் கவலைப்படுவதைவிட, கையால் ஆனதைச் செய்யுங்கள்" என்றோம்.

அவர் பள்ளிக்கூடத்துக்குப் போனார். ஆசிரியையிடம் பட்டியல் வாங்கினார். தண்ணீரில் கரைந்த உப்பை அளக்கும் கருவிகள், அமிலத் தன்மையைக் காட்டும் தாள்கள், மின்பலகைகள், மல்டிமீட்டர், ஒரு பெட்டி நிறைய வயர்கள் வாங்கிக் கொடுத்தார். இரண்டு முனைகளைத் தண்ணீரில் நனைத்தால், கரைந்த உப்பு எவ்வளவு கூடுதலோ அவ்வளவு எளிதாக மின்சாரம் பாயும்; அதைக் கொண்டு அளவு தெரியும். குடிநீரில் கரைந்த பொருள் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருப்பது நலம் என்பது இந்தியத் தர அளவு. வேறு நீர் கிடைக்காத இடத்தில் 2,000 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்கிறது. குரோமியம் போன்ற நஞ்சைக் காண இது போதாது. அதற்குப் பெரிய ஆய்வுக்கூடம் வேண்டும் என்று ஆசிரியை பிள்ளைகளுக்குச் சொல்லியே தொடங்கினாராம். தன் கருவியின் எல்லையை அறிந்து பேசுவதும் அமானிதம் அல்லவா!

பலகை வைக்கவா என்று தலைமையாசிரியர் கேட்டதற்கு, "வேண்டாம், அலமாரிக்குப் பூட்டு மட்டும் போடாதீங்க" என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறார்.

சென்ற மாதம் அந்தப் பேத்தியும் அவள் தோழிகளும், முஸ்லிம் பிள்ளையும் இந்துப் பிள்ளையும் கிறிஸ்தவப் பிள்ளையுமாக, நோட்டுப் புத்தகத்தோடு வீடு வீடாகச் சென்று கிணற்று நீரை அளந்துகொண்டிருந்தார்கள். நம் பள்ளிவாசலுக்கும் வந்தார்கள். ஹவ்ளுக்கு நீர் தரும் கிணற்றையும் அளந்து எழுதிக்கொண்டார்கள். அந்தப் பெரியவர் ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தார். தலைக்கு மேலே விசிறிகள் சுற்றிக்கொண்டிருந்தன.

"ஹஜ்ரத், சேருமா?" என்று மீண்டும் கேட்டார்.

"கபூல் செய்வது அல்லாஹ்வின் கையில். நிய்யத்தைத் தூய்மையாக வையுங்கள், பேட்டரி தீர்ந்தால் வாங்கிப் போடுங்கள், துஆ செய்யுங்கள். அவன் அருளாளன்" என்றோம்.

அன்புச் சகோதர சகோதரிகளே! உங்கள் வீட்டிலும் இவ்வாண்டு ஒரு மர்ஹூமின் பெயரில் ஏதேனும் செய்ய எண்ணியிருப்பீர்கள். செய்யுமுன் பள்ளிவாசலின் முகட்டை ஒருமுறை அண்ணாந்து பாருங்கள். பிறகு, பக்கத்துப் பள்ளிக்கூடத்தின் அலமாரியை ஒருமுறை போய்ப் பாருங்கள்.

யா அல்லாஹ்! எங்கள் பெற்றோரின் கபுருகளை ஒளிமயமாக்குவாயாக! எங்கள் தர்மங்களை முகஸ்துதியிலிருந்து காப்பாயாக! எங்கள் பிள்ளைகளுக்குப் பயன்தரும் கல்வியையும், அதைக் கொண்டு உன்னை அறியும் உள்ளத்தையும் தருவாயாக! எங்கள் ஊரின் தண்ணீரைத் தூய்மையாக்குவாயாக! ஆமீன், ஆமீன், யா ரப்பல் ஆலமீன்!